எல்லாப் பாட்டுக்கும் ஒரே கிற்றார்: மரமும் பிக்கப்பும்

எந்தப் பாட்டுக்கும் வளைந்துகொடுக்கும் மின்கிற்றார் ஒன்றைத் தேடுகிறவர் முதலில் எழுதிப்பார்க்க வேண்டியது, அதில் என்னென்ன பாட்டு வாசிக்கப்போகிறார் என்ற பட்டியல். பாரிஸின் புறநகரான லா கூர்னெவ் மண்டபங்களில் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாசிக்கிற தமிழ் இசைக்குழுவின் கிற்றார்காரருக்கு அந்தப் பட்டியல் நீளமானது. விருந்தினர் வந்து உட்காரும் நேரத்தில் 1982-இல் வந்த 'இளைய நிலா' மாதிரி, மரக்கிற்றாரில் விரலால் மீட்டிய பாட்டுகள். சாப்பாடு முடிந்ததும் ஏ. ஈ. மனோகரன் வழி வந்த பொப்பும் பைலாவும். அதற்குத் துலக்கமாக வெட்டி விழும் கோர்ட் வேண்டும். பிறகு ரகுமான் பாட்டுகளில் நடுவே பாய்கிற கனத்த டிஸ்டோர்ஷன். இடையில் யாராவது பிரெஞ்சு நண்பர் கேட்டால் ஒரு பழைய ரொக். மேடை சின்னது, காரில் இடம் குறைவு, பாட்டுக்குப் பாட்டு கிற்றார் மாற்ற நேரமும் கிடையாது. ஆகவே எல்லாம் ஒரே கிற்றாரில் வந்தாக வேண்டும்.

இந்தத் தேவைக்குக் கடையில் கேட்டால் பேச்சு பெரும்பாலும் மரத்தில்தான் தொடங்கும். மகோகனி என்றால் கதகதப்பு, ஆல்டர் என்றால் சமநிலை, ஆஷ் என்றால் பளிச்சென்ற ஒலி, மேப்பிள் என்றால் கூர்மை என்று ஒரு வாய்பாடு உண்டு. அந்த வாய்பாட்டை அப்படியே நம்பிக் காசு செலவழிக்கக் கூடாது. மின்கிற்றாரில் ஒலி பிறக்கும் வழியை ஒருமுறை தொடர்ந்து போனால் காரணம் விளங்கும்.

எஃகுத் தந்தி அதிர்கிறது. அதற்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பியும் இருக்கின்றன. காந்தத்தின் புலத்தில் நிற்கும் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. அது அசையும்போது புலமும் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தச் சின்ன மின்னழுத்தம் குமிழ்களையும் கேபிளையும் கடந்து அம்பிளிஃபயருக்குப் போகிறது. இந்த வழியில் காற்றின் அதிர்வுக்கு வேலையே இல்லை. பிக்கப் மைக்ரோஃபோன் அல்ல. பக்கத்தில் நின்று பேசினாலும் நல்ல பிக்கப் அதை எடுக்காது. வணிகத்தில் வெற்றிபெற்ற முதல் மின்கிற்றாரான ரிக்கன்பேக்கரின் 'ஃப்ரையிங் பேன்', ஜோர்ஜ் போஷாம்ப் 1931-இல் வடிவமைத்து 1932-இல் விற்பனைக்கு வந்தது. அதன் உடல் வார்ப்பு அலுமினியம். மின்கிற்றாரின் வணிக வெற்றி உலோக உடலோடுதான் தொடங்கியது.

வீணை வாசித்தவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளக் கடினமாக இருக்கும், அதில் நியாயமும் உண்டு. தஞ்சாவூர் வீணையில் பலாமரத்தைக் குடைந்து எடுத்த குடம்தான் ஒலியைப் பெருக்குகிறது. வயிரம் பாய்ந்த பலா, ஒரே மரத்தில் கடைந்த ஏகாண்ட வீணை என்று தேடிப் போவதற்குப் பொருள் இருக்கிறது, ஏனென்றால் அங்கே மரம் அதிர்ந்தால்தான் நாதம். திட உடல் கொண்ட மின்கிற்றாரில் மரத்தின் வேலை நேர்மாறு: தந்தியின் இரு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொள்வது. மரம் எவ்வளவு குறைவாகத் தந்தியின் அசைவைக் களவெடுக்கிறதோ அவ்வளவு நேரம் சுரம் நிற்கும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக இசைக்கு மின்மாண்டலினைத் தேர்ந்தது இந்த நிலைப்புக்காகத்தான். சாதாரண மாண்டலினில் தட்டிய சுரம் உடனே செத்துவிடும். கமகத்தை இழுத்து முடிக்க நேரம் போதாது. இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்திகளாக்கி, பிக்கப்பும் அம்பிளிஃபயரும் சேர்த்த பிறகு ஒரே தட்டலில் நீண்ட கமகம் நின்றது. தமிழ்ச் செவிகள் திட உடல் மின்வாத்தியத்தின் அருமையை உணர்ந்த நல்ல தருணங்களில் அதுவும் ஒன்று.

மரத்துக்கு ஒலியில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்வியை அளவெடுத்துப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமான ஒன்று பாரிஸிலேயே நடந்தது. அன்று பியர் எ மரி கியூரி பல்கலைக்கழகமாகவும் இன்று சோர்பொன் பல்கலைக்கழகத்தின் பகுதியாகவும் இருக்கும் நிறுவனத்தில், வாத்தியக் கட்டுமானத்தையும் ஒலியியலையும் சேர்த்துப் படிக்கும் குழுவில், ஆர்தூர் பாத்தே 2014-இல் முடித்த முனைவர் ஆய்வு திட உடல் மின்கிற்றாரைப் பற்றியது. கிற்றார் நெக்கின் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு எளிதாக ஆடுகிறது என்று அளந்தார்கள். ஒரு ஃபிரெட்டில் பிடிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணும் அந்த இடத்தில் நெக் விரும்பி ஆடும் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால், தந்தியின் சக்தி நெக்குக்குள் வடிந்து, சுரம் அற்பாயுளில் முடிகிறது. வாசிப்பவர்கள் 'செத்த இடம்' என்று சொல்வது இதைத்தான். பல கிற்றார்களில் நெக்கின் ஏதோ ஓரிடத்தில் அது ஒளிந்திருக்கும். ஃபிங்கர்போர்டு மரமாகக் கருங்காலியையும் ஈட்டியையும் ஒப்பிட்டு, வாசிப்பவர்களிடம் பேசி அவர்கள் சொற்களையும் அதே குழு ஆராய்ந்தது. உடலைவிட நெக்கே அதிகம் ஆடுகிற பகுதி என்பது ஜெர்மனியில் 1990-களில் நடந்த அளவீடுகளிலும் தெரிந்த விஷயம்.

இதிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. மரத்துக்கென்று ஒதுக்கும் கவனத்தில் பெரும்பங்கு நெக்குக்குப் போக வேண்டும். உடல் எந்த மரம் என்ற கேள்விக்கு இரண்டாம் இடம். ஒரே மரவகையின் இரண்டு பலகைகள்கூட அடர்த்தியிலும் விறைப்பிலும் வேறுபடும். ஆகவே 'மகோகனி' என்ற சொல்லைக் கேட்டு வாங்குவதைவிட, எடுத்த கிற்றாரின் ஆறு தந்திகளிலும் எல்லா ஃபிரெட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி, சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்பது பயனுள்ளது. அம்பிளிஃபயர் இல்லாமல், கிற்றாரின் மேல்விளிம்பில் காதை வைத்தாலே செத்த இடம் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை.

உடல் மரத்தைத் தேர்ந்தெடுக்க நிஜமான காரணங்கள் எடையும் உறுதியும் கிடைக்கும் தன்மையும். நான்கு மணிநேரம் தோளில் தொங்கவிடுகிற வாத்தியம் மூன்றிலிருந்து மூன்றரை கிலோவுக்குள் இருந்தால் முதுகு நன்றி சொல்லும். லெஸ் போல் வகைக் கிற்றார்கள் நான்கு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆல்டர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. பாஸ்வுட் அதைவிடக் கொஞ்சம் இலேசு, மென்மை, எளிதில் பள்ளம் விழும். மகோகனி 600-ஐ ஒட்டி. கடின மேப்பிள் 700 அளவில். ஃபெண்டர் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் ஆஷ் மரத்தில் டெலிகாஸ்டரைச் செய்தது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் முதலில் ஆஷ்தான். 1956 நடுவில் அது ஆல்டருக்கு மாறியது. ஆல்டரில் மரநரம்பின் துளைகள் சிறியவை, வண்ணப்பூச்சுக்கு முன் அடைக்க வேண்டிய வேலை குறைவு. இன்று 'உன்னத ஒலி மரம்' என்று போற்றப்படும் ஒன்று பட்டறைக்குள் நுழைந்ததில் இப்படியான எளிய காரணங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே ஆஷ் இப்போது அரிதாகிவருகிறது. வடகிழக்கு ஆசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை வண்டொன்று 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்குள் குடைந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டன. 2020-இல் ஃபெண்டர் தன் வழக்கமான வரிசைகளில் ஆஷைப் பெரும்பாலும் நிறுத்தி, சில பாரம்பரிய மாதிரிகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்தது.

பல்துறைக் கிற்றாருக்கு ஆல்டர் நல்ல இடைநிலை. எடை தோதானது, திருகு பிடித்துக்கொள்ளும், விலை தாங்கும். பாஸ்வுட்டையும் மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. மிக நல்ல ஜப்பானியக் கிற்றார்கள் பல அதில் செய்யப்பட்டவை.

நெக்குக்குப் பாரிஸில் இன்னொரு சோதனை காத்திருக்கிறது: குளிர்காலம். வெளியே ஈரக்குளிர், உள்ளே வெப்பமூட்டி நாள் முழுக்க ஓடி அறையின் ஈரப்பதத்தை 30 விழுக்காட்டுக்கும் இறக்கிவிடும். கிற்றார் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பது 45 முதல் 55 விழுக்காடு. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ கடற்காற்றின் ஈரத்தில் கிடந்து பழகிய மரம் இங்கே வந்து முதல் தை மாதத்தில் சுருங்கும்போது, ஃபிரெட் கம்பிகளின் முனைகள் நெக்கின் ஓரத்தில் முள்ளாக நீட்டும். நெக் பின்னுக்கு வளைந்து தந்தி இரையும். ஊரிலிருந்து பிரியத்தோடு கொண்டுவந்த கிற்றார் 'கெட்டுப்போய்விட்டது' என்று மூலையில் வைப்பவர்கள் உண்டு. அது கெடவில்லை. ஓரத்தை அரத்தால் சீவி, ட்ரஸ் ராட் என்ற உள்கம்பியைக் கால் சுற்றுத் திருகினால் பெரும்பாலும் மீண்டுவிடும். புதிதாக வாங்குபவர் அடுப்பில் வறுத்த மேப்பிள் நெக்கைப் பார்க்கலாம். ஒட்சிசன் இல்லாத வெப்பத்தில் வறுக்கும்போது மரம் ஈரத்தை உறிஞ்சும் தன்மை குறைகிறது. கிற்றார் உலகில் அண்மைக்காலத்தில் பரவிய பயனுள்ள மாற்றங்களில் ஒன்று.

இதே சிக்கலுக்குப் பாரிஸின் தெற்கே கிரின்யியில் பத்ரிஸ் விஜியே வேறொரு வழி கண்டார். 1980-இல் தொடங்கிய விஜியே நிறுவனத்தின் நெக்கில் தொண்ணூறு விழுக்காடு மரம், பத்து விழுக்காடு கார்பன் இழை. உள்கம்பிக்குப் பதிலாக நெக்கின் நடுவே கார்பன் பட்டை ஓடுகிறது. திருகிச் சரிசெய்யும் தேவையே இல்லை என்பது அவர்கள் வாதம். 1991-இல் வந்த எக்ஸ்காலிபர் அவர்களுடைய புகழ்பெற்ற மாதிரி: ஆல்டர் உடல், மேப்பிள் நெக். சில மாதிரிகளில் ஃபிங்கர்போர்டுக்கு வெப்பமண்டல மரத்துக்குப் பதில் பிசின் ஊட்டிய மரக்கலவை. கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர் டி ரயிலில் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இந்தப் பட்டறை இருப்பது பல தமிழ்க் கிற்றார்காரர்களுக்குத் தெரியாது. விலை அதிகம்தான், ஆனால் நெக்கின் விறைப்பே நிலைப்பைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தைக் கையால் தொட்டு உணர அதைவிட நல்ல எடுத்துக்காட்டு அருகில் இல்லை.

ஃபிங்கர்போர்டுக்கு வரும்போது பேச்சு நம் நிலத்துக்குத் திரும்புகிறது. உலகெங்கும் கிற்றார்களில் ஒட்டப்பட்டிருக்கும் 'இந்தியன் ரோஸ்வுட்' மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். கன மீட்டருக்கு 830 கிலோ அளவில் அடர்த்தி, தன்னிலேயே எண்ணெய்ப்பசை, அதனால் வண்ணப்பூச்சு தேவையில்லை. கருங்காலியில் மிகச் சிறந்தது என்று பேர்பெற்றது இலங்கையும் தென்னிந்தியாவும் தந்த வகை; இரு நாடுகளும் அதன் வணிகத்தைத் தடைசெய்திருப்பதால் இன்று கிற்றாரில் காணும் கருங்காலி பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஈட்டியை வெட்டுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1994-இலேயே தனிச்சட்டம் வந்தது. உலக அளவில் 2017 ஜனவரி 2 முதல், அழியும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஈட்டி இனம் முழுவதும் சேர்க்கப்பட்டது. அதன்பின் ஈட்டி ஃபிங்கர்போர்டு கொண்ட கிற்றாரை எல்லை தாண்டி விற்கவே தாள்கள் தேவைப்பட்டன. கொம்பனிகள் அவசரமாக வேறு மரம் தேடின. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. ஆகவே இந்திய ஈட்டி வைத்த கிற்றாரோடு பாரிஸிலிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ போவதில் இன்று இந்தப் பட்டியலால் தொல்லை இல்லை. பிரேசில் ஈட்டி மட்டும் 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது. அது வைத்த பழைய கிற்றாரை வாங்கினால் சான்றிதழ் இல்லாமல் எல்லை கடத்தக் கூடாது. பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈட்டியா, மேப்பிளா, கருங்காலியா என்பதில் விரலுக்குத் தெரியும் வேறுபாடே பெரியது. வழவழப்புப் பூசிய மேப்பிள் வியர்வையில் ஒட்டும், ஈட்டி ஒட்டாது. தந்தியை இழுத்து கமகச் சாயலில் வாசிப்பவருக்கு ஃபிரெட் கம்பியின் உயரம் மரத்தைவிட முக்கியம்: உயர்ந்த ஃபிரெட்டில் விரல் மரத்தைத் தொடாது, தந்தி எளிதாக வளையும்.

இனி பிக்கப். செலவழிக்கும் ஒவ்வொரு யூரோவும் காதுக்கு நேராகத் திரும்பி வருகிற இடம் இது.

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஆறு காந்தக் கம்பிகளைச் சுற்றி, தலைமுடி அளவு மெல்லிய, 0.063 மி.மீ. செம்புக் கம்பி எட்டாயிரம் சுற்று அளவில் ஓடுகிறது. தந்தியின் ஒடுங்கிய ஒரு பகுதியை மட்டும் பார்ப்பதால் ஒலி துலக்கமாகவும் தெளிவாகவும் வரும். பைலாவின் தாளக் கோர்ட்டுக்கு இதுதான் இயல்பான குரல். ஆனால் அந்தச் சுருள் தந்தியை மட்டும் கேட்பதில்லை. மண்டபத்தின் மின்சாரத்தையும் கேட்கிறது. பிரான்சிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த இரைச்சல் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். 100 ஹேர்ட்ஸ் கிற்றாரின் ஆறாம் தந்தி மூன்றாம் ஃபிரெட்டின் ஜி சுரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஒளிமங்கிகளும் வண்ண விளக்குகளும் நிறைந்த கலியாண மேடையில் ஒற்றைச் சுருளோடு டிஸ்டோர்ஷனை அழுத்தினால், பாட்டு நிற்கிற இடைவெளியிலெல்லாம் அந்த ஜி பாடிக்கொண்டிருக்கும். உள்ளே செம்புத் தகடு ஒட்டினால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். தகடு மின்புலத்தால் வரும் கீச்சென்ற இரைச்சலைத் தடுக்கும். மின்மாற்றியிலிருந்து வரும் காந்தப்புல இரைச்சல் அதன் வழியாகவே நுழைந்துவிடும். அப்போது கிற்றார்காரர் நின்ற இடத்தில் சற்றுத் திரும்பி நிற்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

கிப்ஸனில் வேலை செய்த சேத் லவர் இதற்குத்தான் ஹம்பக்கர் கண்டார். எதிரெதிர் காந்த முனைகளோடு, எதிர்த்திசையில் சுற்றிய இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், தந்தியின் சமிக்ஞை கூடும். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957-இல் கிற்றார்களில் ஏறியது, 1959-இல்தான் காப்புரிமை கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அடியில் ஒட்டிய 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்ற சின்னச் சீட்டே பெயராகி, பி.ஏ.எஃப் என்று இன்றும் அழைக்கப்படுகிறது. ஒலி தடித்தது, உரத்தது, உச்சத்தில் கொஞ்சம் மங்கியது. டிஸ்டோர்ஷனுக்கு இதுவே தோது.

இந்த இரண்டு குரலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொற்களில் விடாமல் எண்ணில் பிடிக்கலாம். சுருளின் தூண்டுதிறனும் கேபிளின் மின்கொள்ளளவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாக்கும். அந்த இடத்தில் ஒலி தூக்கலாகும்; அதற்கு மேலே சரியும். பிக்கப்பின் சுபாவம் என்று காது உணர்வதில் பெரும்பங்கு இந்த ஒற்றைக் குன்று எங்கே நிற்கிறது என்பதுதான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஒற்றைச் சுருளின் தூண்டுதிறன் 2.4 ஹென்றி அளவு; ஆறு மீட்டர் கேபிளோடு குன்று 4,000 ஹேர்ட்ஸுக்குக் கிட்ட நிற்கும். பி.ஏ.எஃப் வகைக்கு 4.5 ஹென்றி, குன்று 2,800-க்கு இறங்கும். டிமார்சியோ 1972-இல் 'சூப்பர் டிஸ்டோர்ஷன்' கொண்டுவந்து தொடக்கிவைத்த உரத்த வகைகளில் சுற்று இன்னும் கூடும். 8 ஹென்றி அளவுக்குப் போனால் குன்று 2,100-ஐ ஒட்டி வந்துவிடும், கோர்ட்டின் தெளிவு கரையும். கடைக்காரர் சொல்லும் கிலோ ஓம் எண் கம்பியின் தடை மட்டுமே. ஒரே கம்பியில் சுற்றிய இரண்டு பிக்கப்பை ஒப்பிட அது உதவும், மற்றபடி அதை 'சக்தி' என்று படிக்கக் கூடாது. இதே கணக்கில் மலிவான ஒரு வைத்தியமும் இருக்கிறது: ஆறு மீட்டர் கேபிளை மூன்று மீட்டராக்கினால் ஒற்றைச் சுருளின் குன்று 5,000-ஐத் தாண்டும். மங்கல் என்று பிக்கப்பை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். குமிழ்களும் இதில் பங்காளிகள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். குறைந்த தடை குன்றைத் தட்டையாக்கும், அதிகத் தடை கூர்மையாக விடும்.

காந்தம் அல்னிக்கோவா செராமிக்கா என்ற பேச்சில் நேரம் செலவிட வேண்டியதில்லை. அல்னிக்கோ 5 பொது வேலைக்குப் போதுமானது. அல்னிக்கோ 2 இளகியது, தந்தியைக் குறைவாக இழுக்கும். செராமிக் வலிமையானது, உரத்த பிக்கப்புகளில் இருக்கும்.

பல்துறைக் கிற்றாருக்குப் பொருந்தும் அமைப்பு, பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஹம்பக்கரும் நடுவிலும் நெக் பக்கத்திலும் ஒற்றைச் சுருள்களும். ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும். அந்தத் துள்ளலான, சற்று உள்வாங்கிய குரலுக்குப் பொப் பாட்டில் ஈடு இல்லை. ஃபெண்டர் மூன்று நிலைச் சுவிட்சு வைத்த காலத்தில் வாசிப்பவர்கள் சுவிட்சை இடைவெளியில் சிக்கவைத்து இந்த ஒலியை எடுத்தார்கள். 1977-இல்தான் ஐந்து நிலைச் சுவிட்சு கொம்பனியிலிருந்தே வந்தது. நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் நான்காம் நிலையில் இரைச்சலும் கழியும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அது. முதல் கிற்றாருக்கு யமஹா பசிபிக்கா 112வி இந்த அமைப்பைத் தாங்கும் விலையில் தருகிறது: ஆல்டர் உடல், மேப்பிள் நெக், பிரிட்ஜில் ஹம்பக்கர், குமிழை இழுத்தால் ஒற்றைச் சுருள்.

அந்த 'இழுத்தால் ஒற்றைச் சுருள்' வசதியில் ஒரு குறை உண்டு. ஹம்பக்கரின் ஒரு சுருளை அணைக்கும்போது ஒலியளவு விழும், கழிந்திருந்த இரைச்சல் திரும்பிவிடும். நான்கு வயர் உள்ள ஹம்பக்கர் என்றால் இரண்டு சுருள்களையும் தொடராக இணைக்காமல் பக்கவாட்டாக இணைக்கலாம். தூண்டுதிறன் நான்கில் ஒன்றாகும், ஒலி மெலிந்து துலங்கும், இரைச்சல் கழிந்தபடியே இருக்கும். விளக்குகள் நிறைந்த மண்டபத்துக்கு இந்த இணைப்பே சரி. இரண்டு ஹம்பக்கர் கிற்றாரை ஏற்கெனவே வைத்திருப்பவர் புதிதாக வாங்காமல், இந்த ஒரு சுவிட்சைப் பற்றவைத்துப் பார்ப்பது நல்லது.

'இளைய நிலா' மட்டும் மிச்சம். காந்தப் பிக்கப் எதுவும் மரக்கிற்றாரின் ஒலியைத் தராது. தந்தியின் அசைவை மட்டும் அறிந்த அதற்கு மரப்பலகையின் மூச்சு தெரியாது. பிரிட்ஜின் சேணங்களுக்குள் பீசோ படிகம் வைத்தால் ஓரளவு நெருங்கலாம். கிராஃப்டெக், ஃபிஷ்மன் போன்றவர்கள் இருக்கிற பிரிட்ஜுக்குப் பொருந்தும் சேணங்களை விற்கிறார்கள். படிகத்தின் சமிக்ஞை மிக மெலிந்தது. உள்ளே 9 வோல்ட் பற்றரியோடு ஒரு முன்பெருக்கி வேண்டும், அதற்கு இடம் குடைய வேண்டும். தனியாகக் கேட்டால் பீசோ சற்றுத் தகரமாக ஒலிக்கும். நெக் பிக்கப்பைக் கொஞ்சம் கலந்து, உச்சத்தைக் குறைத்து, தபேலாவுக்கும் கீபோர்டுக்கும் நடுவே வைத்தால் மண்டபத்தில் யாரும் குறை காணமாட்டார்கள். பாட்டுப் பட்டியலில் பாதி எண்பதுகளின் மெல்லிசை என்றால் இந்தச் செலவு வேறெந்தப் பிக்கப் மாற்றத்தையும்விடத் தகும்.

வாங்க வேண்டிய இடம் தூரமில்லை. லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பிகால். லா கூர்னெவிலிருந்து வருபவர் ஏழாம் இலக்கத்தில் வந்து ஸ்டாலின்கிராடில் மாறிக்கொள்ளலாம். அங்கே ரூ த துவே, ரூ விக்டர் மாசே தெருக்களில் முன்பிருந்த அளவு கிற்றார்க் கடைகள் இப்போது இல்லை, இருந்தாலும் பத்துக் கிற்றாரை ஒரே மாலையில் கையில் எடுத்துப் பார்க்க இன்னும் இடமுண்டு. தன் கேபிளை எடுத்துச் செல்வதும், முதல் பத்து நிமிடம் அம்பிளிஃபயரைத் தொடாமல் வாசிப்பதும், பிறகு டிஸ்டோர்ஷன் இல்லாமல் ஐந்து நிலையையும் கேட்பதும், கடைசியில் டிஸ்டோர்ஷனைப் போட்டுக் கையைத் தந்திமேல் வைத்து இரைச்சலை மட்டும் கேட்பதும் போதுமான சோதனை.

வீட்டுக்கு வந்த பிறகு இருக்கும் வேலை பிக்கப்பின் உயரம். பலர் இதைத் தொடுவதே இல்லை. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் மேல்முகத்துக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். பிரிட்ஜ் ஹம்பக்கருக்கு 2 மி.மீ. அளவில் தொடங்கலாம். ஒற்றைச் சுருளின் காந்தக் கம்பிகள் தந்தியை நேராக இழுப்பவை. நெக் பக்கத்தில் தடித்த தந்திக்குக் கீழே அதைவிட அதிக இடைவெளி வேண்டும். மிக அருகில் இருந்தால் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் தடித்த தந்தி இரண்டு சுரம் சேர்ந்ததுபோல் நடுங்கி ஒலிக்கும், சுருதி எத்தனை முறை கூட்டினாலும் சேராது. திருகாணியை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் அந்த நடுக்கம் நின்று சுரம் தெளியும். அங்கே விட்டுவிட்டு, மற்ற இரண்டு பிக்கப்பையும் அதன் ஒலியளவுக்குச் சமமாக ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும்.